போனில் எடுக்கும் பேட்டிப் பதிவு கெடுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் பக்கத்து முதியவர்களிடம் அவர்கள் கண்டதைக் கேட்டுப் பதிவுசெய்யத் தொடங்கினேன். சாலைகள் அறுந்து கிடந்தன. ஆகவே எல்லாப் பேட்டியும் போனில்தான். அந்தப் பழக்கமே இப்போது வலையொலியாக (பாட்காஸ்ட்) தொடர்கிறது. பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை, ஒரு கைப்பேசி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரெக்கார்டர். இவ்வளவுதான் என்னிடம் உள்ளவை.

பதிவு கெடும்போதெல்லாம் நல்ல மைக் வாங்குங்கள் என்றே பலரும் சொன்னார்கள். வாங்கினேன், கோளாறு அப்படியே இருந்தது. போன் பேட்டியில் விருந்தினரின் குரல் என் மைக்கைத் தொடுவதே இல்லை. அது அவர் போன், நெட்வொர்க், என் போன், கேபிள், ரெக்கார்டர் என்ற வரிசையில் வருகிறது. எந்தக் கண்ணியில் கெடுகிறது என்று தெரியாமல் வாங்கும் எதுவும் வீண்செலவு.

எனவே எந்தக் கோளாறானாலும் முதலில் இந்தச் சோதனை. அழைப்பின்போது போனைக் காதில் வைத்துக் கேளுங்கள். அங்கேயே மோசமாக இருந்தால் கோளாறு எதிர்முனையிலோ நெட்வொர்க்கிலோ இருக்கிறது; உங்கள் கருவிகளைத் தொட வேண்டாம். காதில் நன்றாக இருந்து, ரெக்கார்டரில் மாட்டிய ஹெட்போனில் மோசமாக இருந்தால் கேபிள், பின், ஒலி அளவு ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டிலும் நன்றாக இருந்து கோப்பு மட்டும் கெட்டிருந்தால் கார்டும் பேட்டரியும்தான். பேட்டிக்கு முந்தைய நாளே வீட்டிலுள்ள இன்னொரு போனிலிருந்து அழைக்கச் சொல்லி, இரண்டு நிமிடம் பதிவுசெய்து, அதைத் திருப்பிப் போட்டுக் கேளுங்கள்.

## பதிவே இல்லை, அல்லது வெறும் மௌனம்

கோப்பே உருவாகவில்லை. சில ரெக்கார்டர்களில் சிவப்புப் பட்டனை ஒருமுறை அழுத்தினால் பதிவு தொடங்காது. தயார் நிலைக்குத்தான் போகும். விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். மறுபடி அழுத்தினால்தான் விளக்கு நிலையாக எரியும், நேரமும் ஓடத் தொடங்கும். 1992 நவம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எந்தத் தெரு வரை ஏறியது, 2023இல் எந்தத் தெரு வரை ஏறியது என்று வீடு வீடாகச் சொன்னார் ஒரு பெரியவர். நாற்பது நிமிடம். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்ததை அவர் விடைபெற்ற பிறகுதான் பார்த்தேன். மறுவாரம் அழைத்தபோது பொறுமையாக மீண்டும் சொன்னார், ஆனால் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார். அன்று முதல் விளக்கைப் பார்ப்பதில்லை. திரையில் நொடி எண் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே முதல் கேள்வி.

கோப்பு இருக்கிறது, ஒலி இல்லை. ரெக்கார்டரின் மைக் துளையில் பின் செருகியதும் அதன் சொந்த மைக் அணைந்துவிடும். செருகிய கேபிளின் மறுமுனை எங்கும் மாட்டப்படாமல் இருந்தாலும் அப்படித்தான். பின் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். போன் உறை தடித்திருந்தால் பின் பாதியிலேயே நின்றுவிடும். உறையைக் கழற்றுங்கள்.

பாதியில் நின்றுவிட்டது. பேட்டரியும் கார்டும்தான். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், இரட்டைத் தடம் என்ற அமைப்பில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி ஆகும். 32 ஜிபி கார்டில் ஐம்பது மணி நேரம் கிடைக்கும். கார்டில் இடமிருந்தும் நிற்கிறது என்றால் கார்டை மாற்றுங்கள். ரெக்கார்டரைப் பழுதுபார்க்கக் கொடுப்பது வேறு நல்ல கார்டிலும் அப்படியே நின்றால் மட்டும்.

## என் குரல் இருக்கிறது, எதிர்க்குரல் இல்லை

போனில் உள்ள செயலியால் பதிவுசெய்தீர்களா? கோளாறு உங்களுடையது அல்ல. 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபின் வெளியாருடைய பதிவுச் செயலிகளுக்கு எதிர்முனைக் குரல் கிடைப்பது அரிதாகிவிட்டது. மிச்சமிருந்த குறுக்குவழியை 2022 மே மாதம் தன் பிளே ஸ்டோரில் கூகுள் தடைசெய்தது. வேறு வேறு செயலியாக இறக்கிப் பார்ப்பதில் பயனில்லை. போனுடனேயே வரும் அழைப்புச் செயலியில் பதிவு வசதி இருந்தால் அது வேலை செய்யும். ‘இந்த அழைப்பு பதிவுசெய்யப்படுகிறது’ என்று பல போன்களில் இருவருக்கும் அறிவிப்பு ஒலிக்கும். அறிவிப்பு ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும், பதிவுசெய்யலாமா என்று நீங்களே கேட்டு, அவர் சம்மதம் சொல்வதையும் பதிவின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் வழியாகப் பதிவுசெய்தீர்களா? பின்னைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு வளையம் என்றால் மூன்று பகுதிகள்: இடது, வலது, தரை (கிரவுண்ட்). மூன்று வளையம் என்றால் நான்காவதாக மைக்குக்கும் ஒரு பகுதி உண்டு. போனின் துளை நான்கு பகுதிப் பின்னுக்கானது. பெரும்பாலான ரெக்கார்டர்களின் துளை மூன்று பகுதிப் பின்னுக்கானது. போன் பின்னை நேராக ரெக்கார்டரில் செருகினால் தொடர்பு தவறான இடத்தில் படும். நான்கை மூன்றாகப் பிரித்துத் தரும் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

இன்னொரு தந்திரமான நிலை உண்டு. எதிர்க்குரல் பொள்ளலாக, நடுப்பகுதி உறிஞ்சப்பட்டது போலக் கேட்கிறது. ஹெட்செட்டின் பட்டனை அழுத்திப் பிடித்தால் மட்டும் தெளிகிறது. அப்படியானால் பின்னில் தரையும் மைக்கும் இடம் மாறியிருக்கின்றன. பழைய போன்கள் சிலவற்றிலும் அவற்றுக்கான ஹெட்செட்டுகளிலும் இப்படி வரும். இடத்தை மாற்றிக் கொடுக்கும் குட்டி இணைப்பு வாங்கினால் தீர்ந்தது. போனைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள்.

போனில் ஹெட்போன் துளையே இல்லையா? டைப்-சி அடாப்டர்களில் இரண்டு இனம் உண்டு. ஒலியை மாற்றும் சில்லு உள்ளே இருப்பது பெரும்பாலான போன்களில் வேலை செய்யும். வெறும் கம்பி மட்டும் உள்ளது குறிப்பிட்ட சில போன்களில்தான் செய்யும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கடையிலேயே செருகி, ஓர் அழைப்பு போட்டுப் பேசிப் பார்த்து வாங்குங்கள். பாட்டு கேட்டால் போதாது. பாட்டு கேட்டும் அழைப்பில் மைக் எடுக்காத அடாப்டர்கள் இருக்கின்றன.

கம்பியே போனில் மாட்ட வேண்டாம் என்றால், காதுக்குள் வைக்கும் மைக் ஒன்று உண்டு. ஒலிம்பஸ் டிபி-8 அந்த இனம். அதைக் காதில் செருகி, மேலே போனைப் பிடித்து வழக்கம்போலப் பேச வேண்டியதுதான். இரு குரலும் பதிவாகும். லேண்ட்லைன், கைப்பேசி, வாட்ஸ்அப் அழைப்பு, எதுவானாலும் சரி. முதல் கருவி எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ரெக்கார்டரில் ‘பிளக்-இன் பவர்’ (துளை வழியே மைக்குக்கு மின்சாரம் தருவது) என்ற அமைப்பை ஆன் செய்தால்தான் அது உயிர்பெறும். அதன் குறை, இரு குரலும் ஒரே தடத்தில் விழுவது. பிறகு தனித்தனியாகப் பிரிக்க முடியாது. விருந்தினர் பேசும்போது ‘ம்’, ‘அப்படியா’ என்று இடையில் சொல்லும் பழக்கத்தை நீங்கள் விட்டுவிட வேண்டும்.

## எதிர்க்குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிறது

இது காதில் கேட்கும்போதே இருக்கும். எளிய காரணம் முதலில்: விருந்தினர் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்திருப்பார். பேரன் பேத்திகளும் கேட்க வேண்டும் என்ற ஆசை. தளம் போட்ட வெறும் அறையில் குரல் நான்கு சுவரிலும் மோதித் திரும்பும். ஆச்சியிடம் போனைக் காதில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். கை வலிக்கும் என்றால் சாதாரணக் கம்பி ஹெட்செட் போதும். பத்தமடைப் பாய் விரித்தால் எதிரொலி அடங்குமா என்று பார்த்தேன். மெல்லிய கோரை ஒலியைக் குடிக்கவில்லை. மெத்தையும் மடித்த போர்வைகளும் குடிக்கின்றன. துணி நிறைந்த அறைதான் நல்ல அறை.

அடுத்தது நெட்வொர்க். பழைய முறை அழைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ‘ஸ்’ ஒலியின் கூர்மை பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் அது வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. 4ஜி வழியாகவே போகும் குரல் அழைப்பு சுமார் 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்தும். ஆனால் இரு முனையிலும் அந்த வசதி இயங்க வேண்டும். பெரியவர் வைத்திருப்பது பழைய பட்டன் போன் என்றால் நீங்கள் எந்த மைக் வாங்கினாலும் உதிர்ந்தது திரும்பாது. அந்த நேரத்துக்கு மட்டும் மகன் அல்லது மகளின் போனுக்கு அழையுங்கள். செலவில்லை, நான் கண்டவற்றில் மிகப் பெரிய மாற்றம் இதில்தான் வந்தது.

குரல் விட்டுவிட்டு வந்தால் சிக்னல். மாஞ்சோலை, காரையாறு போன்ற மலைப்பக்கங்களில் வீட்டுக்குள் ஓரிடத்தில் மட்டும் சிக்னல் நிற்கும். அது எந்த இடம் என்று வீட்டாருக்குத் தெரியும், கேளுங்கள்.

## இரைச்சல்

எந்த வகை இரைச்சல் என்பதைக் காதால் பிரித்தறிந்த பிறகு மேலே போங்கள்.

‘ம்ம்ம்’ என்று அடித்தொண்டை ரீங்காரம். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப்பிலோ போனிலோ சார்ஜர் மாட்டியிருந்தால் பிடுங்குங்கள். உடனே நின்றால் காரணம் அதுதான். பேட்டி முடியும்வரை பேட்டரியில் ஓட்டுங்கள். மணிக்கணக்கில் பதிவு வேண்டும், சார்ஜர் இல்லாமல் முடியாது என்பவர்கள் கேபிளுக்கு நடுவில் மாட்டும் சிறு ஒலி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை வெட்டிவிட்டால் ரீங்காரம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பின் உயிரைக் காப்பது. லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் ‘சுரீர்’ என்கிறதா? எர்த் இல்லை அல்லது அறுந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பதிவை நிறுத்திவிட்டு உரிமம் உள்ள மின்பணியாளரை வரச் சொல்லுங்கள். பழைய ஓட்டு வீடுகளில் இது சாதாரணம்.

‘டிட்-டிரிட்-டிரிட்’ என்று வெட்டும் ஒலி. போன் 2ஜிக்கு இறங்கியிருக்கிறது. அதன் அலை நொடிக்கு 217 முறை துடிப்பது பக்கத்துக் கேபிளில் ஒலியாகப் பாய்கிறது. போனை கேபிளின் நீளம் அனுமதிக்கும் தூரத்துக்கு ரெக்கார்டரிலிருந்து தள்ளி வையுங்கள். மேசையில் கிடக்கும் மற்றப் போன்களை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். அமைப்பில் 4ஜி குரல் அழைப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் இருந்தால் கேபிளின் வெளியுறைக் கம்பி அறுந்திருக்கலாம், கேபிளை மாற்றுங்கள்.

‘கரகர’ லேண்ட்லைனில் மட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் இறங்கும்போது வரும். இணைப்பகத்தில் புகார் கொடுங்கள். சுவரில் ஓடும் தொலைபேசிக் கம்பியை நீங்களே சீவிப் பதிவுக் கேபிளை ஒட்டவைக்காதீர்கள். அதில் எப்போதும் சுமார் 48 வோல்ட் இருக்கும். மணி அடிக்கும்போது அதைவிட மிக அதிகமாகும். உங்கள் ரெக்கார்டர் அதோடு முடிந்துவிடும். ரிசீவரில் ஒட்டவைக்கும் காந்தச் சுருள் மலிவானதுதான். ஆனால் டியூப்லைட் சோக், ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் எல்லாவற்றின் ரீங்காரத்தையும் சேர்த்து இழுக்கும். காது மைக் இருக்கும்போது அது தேவையில்லை.

‘புஸ்... புஸ்ஸ்’ என்று காற்று. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் அழைத்தால் வைகாசி முதல் ஆவணி வரை இது கூடவே வரும். காற்றாலைகளை அங்கே நிறுத்தியது சும்மா இல்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசுபவரை உள் அறைக்கு வரச் சொல்லி, மேற்குச் சன்னலைச் சாத்தச் சொல்லுங்கள். அடியில் உறுமல் மட்டும் என்றால் எடிட்டிங்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் குறையும். சொற்களையே காற்று விழுங்கியிருந்தால் ஒலிப் பொறியாளராலும் முழுதாக மீட்க முடியாது. அந்தக் கேள்வியை அப்போதே இன்னொருமுறை கேட்டுவிடுங்கள்.

## குரல் உடைகிறது, கரகரக்கிறது

போனின் ஹெட்போன் ஒலி மைக் துளைக்கு மிக அதிகம். போனின் ஒலியைப் பாதிக்குக் குறையுங்கள். ரெக்கார்டரில் உள்ளீட்டை ‘லைன்’ என்று மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். உச்சக் குரலில் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அருகே நின்றால் போதும். உணர்ச்சிவசப்பட்டுக் குரல் உயரும்போது இடம் வேண்டும். இதற்கும் அடங்காவிட்டால் ஒலியைத் தணிக்கும் மின்தடை உள்ள கேபிள் வாங்குங்கள். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்க்கும் அண்ணாச்சிகளிடம் கேட்டால் இரண்டு ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைத்துத் தருவார்கள். உடைந்தே பதிவான கோப்பில் ஒலியைக் குறைத்துப் பார்ப்பது பயன் தராது.

## ‘என் குரலே எனக்குத் திரும்பக் கேட்கிறது’ என்கிறார் விருந்தினர்

தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். வயதானவர்கள் பாதியிலேயே போனை வைத்துவிடுவார்கள். ஆகவே இதைச் சரிசெய்யாமல் பேட்டியைத் தொடர வேண்டாம்.

உங்கள் மைக்கை ஒரு நொடி அணையுங்கள். எதிரொலி நின்றால், உங்கள் ஸ்பீக்கரிலிருந்து வரும் அவர் குரலை உங்கள் மைக் பிடித்து அனுப்புகிறது. ஸ்பீக்கரை அணைத்து ஹெட்போன் மாட்டுங்கள், முடிந்தது.

மைக்கை அணைத்தும் நிற்கவில்லை, நடுவில் மிக்ஸர் (பல ஒலிகளைக் கலக்கும் கருவி) மாட்டியிருக்கிறீர்கள் என்றால், பெரும்பாலும் அதுதான் அவர் குரலை அவருக்கே திருப்பி அனுப்புகிறது. போனுக்குப் போகும் வழியை மிக்ஸரின் முதன்மை வெளியீட்டிலிருந்து எடுத்திருப்பீர்கள். அதைக் கழற்றி, வேண்டிய ஒலியை மட்டும் தனியே வெளியே அனுப்பும் ‘ஆக்ஸ்’ வெளியீட்டில் மாட்டுங்கள். உங்கள் மைக் வரிசையில் ஆக்ஸ் குமிழைத் திறந்து, போன் வரிசையில் அதைச் சுத்தமாகப் பூஜ்யத்தில் வையுங்கள். இப்போது அவருக்கு உங்கள் குரல் மட்டும் போகும். மிக்ஸரில் ஆக்ஸ் இல்லையென்றால் அந்த மிக்ஸர் இந்த வேலைக்கு ஆகாது.

இதைத் தானாகவே செய்யும் கருவிகள் உண்டு. ஜூம் பாட்டிராக் பி4 என்பதில் நான்கு மைக் உள்ளீடுகளோடு போனுக்கென்றே தனித் துளை இருக்கிறது. இரண்டு பென்சில் பேட்டரியிலும் ஓடும், கரண்ட் போனாலும் பேட்டி நிற்காது. ரோட்காஸ்டர் புரோ ப்ளூடூத்தில் போனை இணைத்துக்கொள்ளும், விலை கூடுதல். வாரம் ஒரு பேட்டியாவது எடுத்து, உடன் இன்னொருவரும் உட்கார்ந்து பேசுகிறார் என்றால் இவற்றில் பணம் போடலாம். மாதம் ஒன்று என்றால் காது மைக்கும் சாதாரண ரெக்கார்டருமே போதும்.

## பேச்சு தெளிவு, பாட்டு மட்டும் சிதைகிறது

எங்கள் பகுதியில் பேட்டி எடுத்தால் இது வந்தே தீரும். சேரன்மகாதேவிப் பக்கத்தில் வில்லுப்பாட்டுக் கலைஞர் ஒருவர் பேச்சின் நடுவே உடுக்கையை எடுத்து அடித்துக் காட்டினார். முதல் இரண்டு அடி கேட்டது. பிறகு உடுக்கை தேய்ந்து மறைந்தது, நீட்டிப் பாடிய இடத்தில் குரல் தண்ணீருக்குள் அமிழ்ந்தது. போன் உடையவில்லை. பேச்சு அல்லாததை எல்லாம் இரைச்சல் என்று எண்ணி அடக்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். கொட்டும் குடமும் நீண்ட சுரமும் அதன் கணக்கில் இரைச்சல்.

உங்கள் பக்கம் எந்தக் கருவி மாற்றியும் இது தீராது. வழி, அவர் பக்கத்திலேயே பதிவுசெய்வது. வீட்டிலுள்ள வேறொருவரின் போனை இரண்டாவதாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் அழைப்பு எதுவும் வரக் கூடாது. ஏரோபிளேன் நிலையில் போட்டு, குரல் பதிவுச் செயலியை உயர்ந்த தரத்தில் ஓடவிட்டு, மடித்த துண்டின்மேல் பாடுபவரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் வைக்க வேண்டும். முதல் போனில் நீங்கள் பேசிக்கொண்டிருக்கலாம். தொடக்கத்தில் அவரை ஒருமுறை கைதட்டச் சொல்லுங்கள்; உங்கள் பதிவிலும் அந்தத் தட்டல் விழும், இரண்டையும் அங்கே பொருத்தலாம். ஒரு மணி நேரப் பதிவில் முடிவை நெருங்க நெருங்க இரண்டும் சற்றே விலகினால், ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் வெட்டி நகர்த்திக்கொள்ளுங்கள்.

கோப்பை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். குரல் செய்தியாகப் பதிந்து அனுப்பினால் சுருங்கிய ஒலிதான் வரும். எங்களுக்கு அந்த உடுக்கை இப்படித்தான் கிடைத்தது. கயிற்றை இறுக்கும்போது தோல் முனகும் ஒலிகூடக் கேட்கிறது.

## பேட்டி முடியும் முன் கருவி அணைந்தது, கோப்பு திறக்கவில்லை

பதறி வேறெதையும் அந்தக் கார்டில் பதிய வேண்டாம். ‘ஃபார்மட் செய்யவா’ என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லிக் கார்டை வெளியே எடுங்கள்.

முதலில் பேட்டரியை மாற்றி, அதே ரெக்கார்டரில் கார்டைப் போட்டு ஆன் செய்யுங்கள். சில கருவிகள் அறுந்த கோப்பைத் தாமே மூடிச் சரிசெய்யும். ஆகவில்லை என்றால் கோப்பைக் கணினிக்கு நகலெடுத்து அளவைப் பாருங்கள். பல எம்பி காட்டினால் குரல் உள்ளேதான் இருக்கிறது. கோப்பு எந்த அமைப்பில் உள்ளது என்று சொல்லும் தலைப்பகுதி எழுதப்படாததால் ஒலி இயக்கும் செயலி அதை அடையாளம் காணவில்லை. அடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ‘ரா டேட்டா’ ஆக இறக்குமதி செய்து, பதிவின்போது இருந்த அமைப்பையே கொடுங்கள்: 16 பிட், 44100, ஒரு தடமா இரண்டா என்பது. தொடக்கத்தில் ‘டக்’ என்று ஒரு சிறு ஒலி வரும், அதை வெட்டிவிடலாம்.

அளவு பூஜ்யம் என்று காட்டினால், போட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருளை ஒருமுறை ஓட்டலாம். மீட்டதைக் கணினியில் சேமியுங்கள், அந்தக் கார்டில் வேண்டாம். கார்டையே கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் அதற்கு மேல் நீங்கள் முயல வேண்டாம். கார்டை ஓர் உறையில் போட்டு, பதிவான நாளையும் கருவியின் பெயரையும் மேலே எழுதி, தரவு மீட்பு செய்பவரிடம் கொடுங்கள். செலவு ஆயிரக்கணக்கில் போகக்கூடும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் அந்தப் பெரியவருக்கே போன் செய்து, நடந்ததைச் சொல்லி, இன்னொரு நாள் பேச முடியுமா என்று கேளுங்கள்.